கீழ்த்தாடை எக்ஸ்ரேல கருப்பா தெரியுறதெல்லாம் சீழ் இல்ல

போன மாசம் ஒரு அம்மா கையில சின்ன எக்ஸ்ரேயோட வந்தாங்க, கீழ்ப்பல்லுல ரெண்டாவது பிரீமோலார் (கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி இருக்குற சின்ன பல்லு) வேர் நுனியில மிளகு சைசுக்கு ஒரு கருப்பு வட்டம், வேற இடத்துல அதைப் பாத்துட்டு சீழ் கட்டியிருக்கு ரூட் கெனால் பண்ணியாகணும்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். பல்லுல சொத்தை இல்ல, தட்டினா வலி இல்ல. பஞ்சுல கோல்ட் ஸ்பிரே அடிச்சு பல்லுல வச்சேன், உடனே கைய தூக்கிட்டாங்க, பஞ்ச எடுத்ததும் கூச்சம் போயிடுச்சு. நல்லா உயிரோட இருக்குற பல்லு அது. அந்த வட்டம் மென்டல் ஃபோரமென், கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் போற நரம்பு எலும்புல இருந்து வெளிய வர்ற ஓட்டை, எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் இருக்கும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் இடம் கொஞ்சம் முன்ன பின்ன மாறும், சில பேருக்கு ஒரே பக்கத்துல ரெண்டு ஓட்டை கூட இருக்கும்.

அதனால முதல் தப்பு ஒரே ஒரு படத்தை வச்சு முடிவு பண்றது. எக்ஸ்ரே டியூபை கொஞ்சம் பக்கவாட்டுல நகத்தி இன்னொரு படம் எடுங்க, ஓட்டையா இருந்தா வட்டம் வேரை விட்டு தள்ளிப் போகும், நோயா இருந்தா எந்த ஆங்கிள்ல எடுத்தாலும் வேர் நுனியோட ஒட்டிக்கிட்டே இருக்கும். வேரை சுத்தி லாமினா டூரான்னு ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு ஓடும், அது நுனி வரைக்கும் அறுபடாம இருக்கான்னு பாருங்க. கோல்ட் டெஸ்டும் இதுவும் சேந்து அஞ்சு நிமிஷ வேலை, இதைப் பண்ணாம பல்லை ஓட்டை போட்டா நல்ல பல்லோட நரம்பைத்தான் எடுக்குறோம், அது திரும்ப வராது.

அடுத்து தாடை மூலைக்கிட்ட, கீழ்த்தாடை எலும்புக்குள்ள நரம்பு ஓடுற நரம்புக் குழாய்க்கு கீழ, வெள்ளை ஓரத்தோட தெரியுற நீள்வட்டக் கருப்பு. பாத்ததும் கட்டின்னு பயந்து ஆபரேஷன் வரைக்கும் போனவங்க உண்டு. 1942ல எட்வர்ட் ஸ்டாஃப்னேங்கிற பல் டாக்டர் இந்த மாதிரி 35 கேஸ் சேத்து எழுதினார், எலும்போட உள்பக்கத்துல இருக்குற குழி அது, பெரும்பாலும் உமிழ்நீர் சுரப்பி அதுல உக்காந்திருக்கும். சந்தேகம்னா ஸ்கேன்ல உறுதி பண்ணிக்கலாம், வைத்தியம் எதுவும் தேவையில்ல.

ஞானப்பல் எடுக்குறப்ப ஊசி போட்டும் சரியா மரத்துப்போகலன்னா பேஷன்ட் பயத்துல சொல்றாங்கன்னு தள்ளிவிடாதீங்க, தயவு செஞ்சு. நரம்புக் குழாய் ரெண்டா பிரிஞ்சு இருக்கலாம், இல்ல கடைசிப் பல்லுக்கு பின்னாடி தனியா ஒரு கிளை ஏறியிருக்கலாம். 1985ல லாங்லே ஆராய்ச்சிக் குழு 6000 ஓபிஜி (முழு தாடையும் ஒரே படத்துல தெரியுற எக்ஸ்ரே) பாத்ததுல 57 பேருக்குத்தான் ரெட்டைக் குழாய் கிடைச்சது, அதாவது 0.95 சதவீதம், ஆனா சிபிசிடிங்கிற முப்பரிமாண ஸ்கேன் வந்த பிறகு அதைவிட ரொம்ப அதிகமா தெரியுது. சில நேரம் அந்த வலி உண்மையிலேயே மரத்துப்போகாத வலி, கோ-கேட்ஸ் மாதிரி இன்னும் மேல போடுற ஊசி அப்ப கை கொடுக்கும்.

எனக்கு ரொம்ப கவலையா இருக்குறது இம்ப்ளான்ட், அதாவது எலும்புல திருகு வச்சு செயற்கைப் பல் கட்டுற விஷயம்தான். ஓபிஜில உயரத்தை அளந்துட்டு ட்ரில் எடுக்குறாங்க, ஓபிஜி அசல விட பெருசாக்கி காட்டும், அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே அளவு இல்ல, எலும்போட அகலம் அதுல சுத்தமா தெரியாது. கடைவாய்ப் பக்கம் நாக்கு ஓரத்துல எலும்பு உள்ள குழிஞ்சு இருந்தா ட்ரில் வெளிய வந்துடும், முன்பக்கம் நடு எலும்புல ரத்தக்குழாய் போற சின்ன ஓட்டை இருக்கும், அங்க கிழிஞ்சா நாக்குக்கு அடியில ரத்தம் சேந்து நாக்கு மேல தூக்கி மூச்சே அடைச்சிடும். மென்டல் ஃபோரமென் பக்கத்துலயும் நரம்பு கொஞ்சம் முன்னால போய் வளைஞ்சு திரும்புற ஆளுங்க உண்டு, ஓட்டைக்கு ஒட்டி வச்சா உதடு மரத்துப்போகும். இங்க சிபிசிடி எடுங்க, ஆனா எல்லா சொத்தைப் பல்லுக்கும் எடுக்காதீங்க, கதிர்வீச்சு சும்மா இல்ல.

இன்னொண்ணு, இதைப் படிச்சுட்டு எல்லாத்தையும் இயற்கையான வித்தியாசம்னு விட்டுடாதீங்க. ஓரம் அரிச்ச மாதிரி இருக்கு, பல் ஆடுது, ஊசியும் போடல அடியும் படல ஆனா கீழ் உதடு மரத்துக் கிடக்குதுன்னா அன்னைக்கே ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அனுப்பணும்.

அந்த அம்மாவோட ரெண்டு படத்துக்கும் பின்னாடி "மென்டல் ஃபோரமென், பல் உயிரோட உள்ளது"ன்னு தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன், அடுத்து எங்க போனாலும் காட்டுங்கம்மான்னு சொல்லியிருக்கேன்.