சம்பளம் பாதியான மாதத்துக்கு ஒரு நோட்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் தையல் மெஷின்கள் நின்றன. அடுத்த மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. அப்போது வீட்டில் நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். இனி ஒரு நோய்க்காலம் வந்தால் உதவும்.

முதலில் ஒரு சாதா நோட்டு வாங்குங்கள். செல்போன் செயலி வேண்டாம், வீட்டில் யாரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் கையிருப்பு முழுவதையும் எழுதுங்கள்: வங்கிக் கணக்கு, பீரோவில் உள்ள ரொக்கம், நகை, சிலிண்டர், அரிசி, பருப்பு. அரிசியை எதற்கு எழுதுவது என்று கேட்கலாம். ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்க்காத பயம். என் மாமியார் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆடி வரைக்கும் தாங்கும் கண்ணு" என்றார். அந்த வாரம் நான் கேட்டதிலேயே தெம்பான செய்தி அதுதான்.

அப்புறம் கடன். இதில்தான் நிதானம் வேண்டும். மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை 3 மாதம் தள்ளிப்போட அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தெருவில் பலர் தவணையே ரத்து என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 20 வருட வீட்டுக் கடனில் 10 லட்சம், 9 சதவீத வட்டி என்று வையுங்கள். தவணை சுமார் 9,000 ரூபாய். தொடக்கத்திலேயே 3 தவணையை நிறுத்திவைத்து, பிறகு அதே தொகையைக் கட்டிவந்தால், கடைசியில் கூடுதலாகக் கட்ட வேண்டியது 3 அல்ல, ஏறக்குறைய 19 தவணை. கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கூச்சப்படாமல் தள்ளிப்போடுங்கள், கந்துவட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நகையை அடகு வைப்பதானால் வங்கியில் வையுங்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள். 2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியது. நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று வங்கிகளுக்கு அனுமதியும் வந்தது. ஆசை வரத்தான் செய்யும். அடுத்த மார்ச்சில் பவுன் 35,000க்குக் கீழே இறங்கியது. உச்ச விலையில் முழுத்தொகை வாங்கியிருந்தால் நகையின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகியிருக்கும். பிஎஃப் பணத்தில் முன்பணம் எடுக்கவும் வழிவிட்டார்கள், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் 8.5 சதவீத வட்டி தந்த பணம் அது. நான் தொடவில்லை. மருத்துவச் செலவு வந்திருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பேன்.

சீட்டு கட்டுகிறவர்கள், தேதிக்கு முன்பே நடத்துபவரிடம் பேசிவிடுங்கள்.

இனி வலப்பக்கம். மற்றவர்களால் நமக்கு வந்ததை அங்கே எழுதுங்கள், தொகையோடு. எங்கள் நோட்டில் முதல் வரி ரேஷன் கடை: அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், கூடவே இலவச அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய். அடுத்து வீட்டுக்காரம்மா, பாதி வாடகை பிறகு போதும் என்றது. பால்காரர், பாக்கி கேட்காமல் பால் ஊற்றியது.

நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்து மனதைத் தேற்றிக்கொள் என்பார்கள். எனக்கு அது ஒத்துவராது. பீகாருக்கும் ஒடிசாவுக்கும் நடந்தே கிளம்பியவர்களை டிவியில் பார்த்து நான் ஆறுதல் அடைவதா? அவர்களில் எங்கள் லைனில் தைத்தவர்களும் இருந்திருக்கலாம். வலப்பக்கத்தில் எழுதுவது நமக்கு யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும். அதை வாரம் ஒருமுறை வாசித்தால், தனியாக மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம் குறைகிறது. அவசரப்பட்டுத் தப்பான இடத்தில் கடன் வாங்கும் புத்தியும் கூடவே குறைகிறது.

முழுச் சம்பளம் திரும்பியதும், புதுச் செலவுக்கு முன்னால் வலப்பக்கத்தில் உள்ள பாக்கிகளைத் தீர்த்துவிடுங்கள். சின்ன வியாபாரிகளுக்கு முதலில், அவர்களுக்குத்தான் கைமுதல் குறைவு. பாக்கியைக் கொடுத்ததோடு பால்காரருக்குச் செய்ய வேண்டியது முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்த பிறகுதான் அந்த வரியை அடித்தேன்.