வார் (VAR) பார்க்கும் நேரத்தில் டீ போடுவது எப்படி

திருப்பூரில் எங்கள் பேக்கரியில் ராத்திரி மேட்ச் இருந்தால் டிவியை அணைக்க மாட்டேன். பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து பையன்கள் வருவார்கள். 2022 கால்பந்து உலகக் கோப்பையின் முதல் மேட்ச். மூன்றாவது நிமிடமே ஈக்வடாரின் வலென்சியா தலையால் முட்டிக் கோல் போட்டார். முதல் கோல் ஈக்வடாருக்குத்தான் என்று டீக்குப் பந்தயம் கட்டியிருந்த தம்பி குதிக்க, நானும் ஆறு டீ ஆற்றி வைத்துவிட்டேன். பார்த்தால், வார், அதாவது தனி அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்து ரெஃபரிக்குச் சொல்லும் நடுவர்கள், ஆஃப்சைடு என்றுவிட்டார்கள்: சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும்போதே எதிரணித் தடுப்பைத் தாண்டி நிற்கும் தப்பு. கோல் இல்லை. 16வது நிமிடம் அதே வலென்சியா பெனால்டி அடித்துத் தம்பியை ஜெயிக்க வைத்தார். அதற்குள் டீயில் ஆடை கட்டிவிட்டது. அதற்கு யார் காசு கொடுப்பது?

அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதில்லை, ரெஃபரியின் கையைத்தான் பார்க்கிறேன். காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றால் வார் அறையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். டம்ளரைக் கழுவி வைத்தால் போதும். காற்றில் டிவி மாதிரி கட்டம் போட்டுவிட்டு ஓரத்துத் திரைக்கு ஓடினால் தாராளமாகப் பாலை ஏற்றலாம். 2018 இறுதிப் போட்டியில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதா என்று பார்க்கப் போன ரெஃபரி, பார்த்து முடித்துத் திரும்பியவர், மறுபடியும் திரைக்கே போனார். அப்புறம்தான் பெனால்டி கொடுத்தார்.

"ஏனுங்கண்ணா, இன்னுமா பார்க்கறாங்க?" என்று கேட்பார்கள். ஆஃப்சைடு என்றால் அப்படித்தான் கண்ணு. அந்த 2022 உலகக் கோப்பை நடந்த கத்தாரில் மைதானக் கூரையடியில் 12 கேமரா, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளி, நொடிக்கு 50 தடவை கணக்கு. இத்தனைக்கும் பிறகு ஒரு மனிதர் சரிபார்த்துத்தான் சொல்ல வேண்டும். கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறியும் த்ரோ-இன் தப்பு என்று கத்துகிறவர்களுக்கு வார் வராது, அவர்களுக்குப் பன்னைக் கொடுத்து உட்கார வையுங்கள்.

பந்தயக் காசு கைமாறுவது ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான். தொடங்கிவிட்டால் கோல் தீர்ப்பை ரெஃபரியாலும் மாற்ற முடியாது. 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்டது நல்ல கோல். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார்கள். அறையில் இருந்தவர்களோ கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். தப்பு புரிவதற்குள் ஃப்ரீ கிக் அடித்து ஆட்டம் தொடங்கியாயிற்று, கோல் போயே போயிற்று. எனக்குத் தாமதத்தைவிட இந்த அவசரம்தான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்று, மொபைலில் மேட்ச் பார்க்கிறவரை டிவி பக்கம் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் வரும். கடையே கோல் இல்லை என்று அடங்கியிருக்கும்போது எழுந்து குதிப்பார். போன மாதம் அப்படிக் குதித்த ஒருவரின் முழங்கை பட்டு, ஒரு தட்டுத் தேங்காய் பன் கீழே.