பில் நைட் கதையைக் கேட்டுத் தொழிலில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

நைக்கி நிறுவனர் பில் நைட்டைப் பற்றி யூடியூபில் தேடினால் எல்லா வீடியோவும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லும்: கார் டிக்கியில் ஷூவை அடுக்கிக்கொண்டு ஓட்டப்பந்தயம் நடக்கும் இடங்களுக்கெல்லாம் போய் விற்றார், துணிந்து இறங்கினார், உலகப் பணக்காரர் ஆனார். இது பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் நம்பித் தொழில் தொடங்கினால் அடி வாங்குவீர்கள், ஏனென்றால் அந்த மனிதரைப் பல வருடம் தூங்கவிடாமல் செய்தது கையில் ரொக்கம் இல்லாத பிரச்சினை, அது வீடியோவில் வருவதே இல்லை.

முதல் தவறு, "வேலையை விடு, கனவைத் துரத்து" என்று இந்தக் கதையிலிருந்து பாடம் எடுப்பது. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் தனக்கு ஓட்டப்பயிற்சி கொடுத்த பில் பவர்மனோடு சேர்ந்து, ஆளுக்கு 500 டாலர் போட்டு, 1964இல் புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸைத் தொடங்கினார் நைட். ஜப்பானிய ஷூவை வரவழைத்து விற்ற இந்தக் கம்பெனிதான் பின்னாளில் நைக்கி ஆனது. அதற்கப்புறமும் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனத்தில் கணக்கு பார்த்தார், போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பாடம் எடுத்தார், வீட்டுச் செலவு அந்தச் சம்பளத்தில் ஓடியது. 1969இல்தான் முழுநேரமாகக் கம்பெனிக்கு வந்தார். முதல் முழுநேர ஊழியர் ஜெஃப் ஜான்சன் 1965இலேயே சேர்ந்துவிட்டார், முதலாளிதான் பகுதிநேரம்! நைக்கி என்ற பெயரையே 1971இல் சொன்னவரும் இந்த ஜான்சன்தான். வாஃபிள் என்ற கட்டம் போட்ட பலகாரம் சுடும் இரும்பு அச்சில் ரப்பரை ஊற்றி ஷூவுக்குப் புது மாதிரி அடிப்பாகம் கண்டுபிடித்தது பவர்மன். ஆக "தனி ஆளாகச் சாதித்தார்" என்பதும் சேர்ந்தே அடிபடுகிறது.

அடுத்தது முக்கியமானது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விற்பனை ஏறினால் பணக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நினைப்பது. நைட்டுக்கு வருடாவருடம் விற்பனை கிட்டத்தட்ட இரட்டிப்பானது, கஷ்டமும் கூடவே வளர்ந்தது. சரக்கு ஜப்பானிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதற்கான பணத்துக்கு வங்கிதான் கைகொடுக்கவேண்டும், சரக்கு வந்து கடைகளுக்குப் போய், கடைக்காரர் காசு கொடுப்பதற்குள் அதைவிடப் பெரிய அடுத்த ஆர்டரைப் போட்டாகவேண்டும். லாபம் எல்லாம் ஷூவாக மாறி கிடங்கில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் ஒன்றும் இருக்காது. உங்களுடைய சொந்த மூலதனம் போதாது, வளர்ச்சியைக் குறையுங்கள் என்று வங்கி சொல்லிக்கொண்டே இருந்தது, இவர் கேட்கவில்லை. 1975இல் பேங்க் ஆஃப் கலிஃபோர்னியா இனிமேல் உங்கள் கணக்கே வேண்டாம் என்று கைவிரித்துவிட்டது. நிஷோ இவாய் என்ற ஜப்பானிய வணிக நிறுவனம் அந்த வங்கிக் கடனை அடைத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இங்கே பின்பற்றவேண்டியது அவருடைய துணிச்சலை அல்ல, அவர் கொண்டுவந்த முன்பதிவு முறையைத்தான். ஆறு மாதம் முன்னாலேயே, ரத்து செய்ய முடியாத ஆர்டர் கொடுக்கும் கடைகளுக்கு விலையில் தள்ளுபடி. கடைக்காரரின் ஆர்டர் கையில் இருந்தால் கடன் கொடுப்பவனிடம் பேச ஒரு காகிதமாவது இருக்கும். சின்னதாக ஆடை, செருப்பு வியாபாரம் செய்கிறவர்கள்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, ஒரே சப்ளையரை நம்பி உட்காருவது. 1962இல் கோபே நகருக்குப் போய் ஒனிட்சுகா கம்பெனியில் டைகர் ஷூ கேட்டபோது, எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்ற கேள்விக்கு புளூ ரிப்பன் என்று அந்த நிமிடத்தில் தோன்றிய பெயரைச் சொல்லிச் சமாளித்தார் நைட். சில வருடத்தில் அமெரிக்காவில் சந்தை உருவானதும், ஒனிட்சுகா வேறு விநியோகஸ்தர்களைத் தேட ஆரம்பித்தது. இதை "ஜப்பான்காரன் துரோகம் செய்தான்" என்று சொல்வதும் அரைக்கதைதான், அந்தப் பக்கம் உறவு முறியும் முன்பே இந்தப் பக்கம் நைக்கி பெயரில் வேறு தொழிற்சாலையில் ஷூ தயாராகிக்கொண்டிருந்தது. வழக்கு இரண்டு பக்கமும் போட்டார்கள். 1974இல் தீர்ப்பு வந்தபோது இருவரும் கூட்டாக உருவாக்கிய மாடல்களை இருவருமே விற்கலாம், அந்த மாடல்களின் பெயர்கள் மட்டும் புளூ ரிப்பனுக்கு என்று ஆனது. கோர்டெஸ் என்ற ஷூ மாடல் நைக்கியிடம் இருப்பதும், அதே ஷூ கோர்சேர் என்ற பெயரில் ஒனிட்சுகாவிடம் இருப்பதும் அப்படித்தான்.

நைக்கி லோகோவை வெறும் 35 டாலருக்கு வரைந்து வாங்கினார்கள் என்ற கதையைச் சொல்லி டிசைனரிடம் பேரம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை வரைந்த கரோலின் டேவிட்சன் அப்போது மாணவி, வரைந்ததைப் பார்த்து நைட்டே பெரிதாக மயங்கிவிடவில்லை, போகப்போகப் பிடிக்கலாம் என்றார். 1983இல் அவரைக் கூப்பிட்டு மோதிரமும் நைக்கி பங்குகளும் கொடுத்தார். இந்தப் பாதியை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

முதலீட்டாளர் கிடைத்ததும் பங்கை அள்ளிக் கொடுப்பது இன்னொரு தவறு. காசுக்கு அவ்வளவு தவித்தபோதும் கம்பெனி கைமாறிவிடும் என்று பயந்து பங்கு வெளியீட்டைத் தள்ளிப்போட்டார் நைட். 1980 டிசம்பரில் வெளியிட்டபோது இரண்டு வகைப் பங்குகளாகப் பிரித்து, இயக்குநர் குழுவில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தன் தரப்பில் வைத்துக்கொண்டார். இது எல்லோருக்கும் சாத்தியமில்லை, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அப்புறம் அவருடைய சொந்தச் சறுக்கல்கள். 80களில் பெண்கள் ஏரோபிக்ஸ் பக்கம் திரும்பியபோது நைக்கி அலட்சியமாக இருந்தது, போட்டிக் கம்பெனி ரீபாக் முந்திக்கொண்டு போனது. அதைவிட மோசம் ஆசியத் தொழிற்சாலைகள் விஷயம். அவை எங்களுடையவை அல்ல, ஒப்பந்தக்காரருடையவை என்று 90களில் ரொம்ப நாள் தட்டிக்கழித்தார்கள். 1998 மே மாதம் வாஷிங்டனில் நைட் மேடையேறி, அடிமைக் கூலி, கட்டாய ஓவர்டைம் ஆகியவற்றின் மறுபெயராகவே நைக்கி ஆகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, ஷூ தொழிற்சாலைகளில் குறைந்தபட்ச வயது 18 என்று அறிவித்தார். செய்யாறில் தைவான் கம்பெனி ஒன்று நைக்கிக்காக ஷூ தைக்கிறது, அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே இது நமக்கும் தூரத்துக் கதை இல்லை. சரக்கை வெளியே தைக்கக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், தைக்கும் இடத்தை ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.