ஓம் என்று நினைத்து வுய் சொல்லாதீர்கள்

போன கிழமை எங்கள் குசினியில் ஒரு பானை சோஸ் குப்பைக்குப் போனது. ஊரிலிருந்து பாரிஸ் வந்து ஆறு மாதமான தம்பி ஒருவர் அடுப்படியில் நின்றார். ஷெஃப் அவரிடம் "தா பா சாலே?" என்று கேட்டார். உப்புப் போடவில்லையா என்று அர்த்தம்; 'பா' என்பதுதான் அதில் இருக்கும் 'இல்லை'. தம்பி போட்டிருந்தார். அதனால் "நோன், நோன்" (இல்லை, இல்லை) என்றார். ஷெஃப் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார்.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் லு, லா மாறிப்போவதையும் உச்சரிப்பையும் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இந்த நோன்தான் சோற்றில் கை வைக்கிறது.

'பா' வந்த கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வது

தம்பி சொன்னதில் தமிழ்ப்படி ஒரு பிழையும் இல்லை. "உப்புப் போடேல்லையா?" என்று அம்மா கேட்டால் "இல்லை, போட்டிட்டன்" என்போம். போடாவிட்டால் "ஓம், போடேல்லை." கேட்டவர் நினைத்தது சரியா, பிழையா என்பதற்குத்தான் நம் ஓமும் இல்லையும். பிரெஞ்சுக்காரருக்கு அது கணக்கில்லை. காரியம் நடந்ததா என்பதுதான் கணக்கு. போடவில்லை என்றால் நோன். போட்டாயிற்று என்றால் 'சி'. வுய் என்ற பிரெஞ்சு ஓமுக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

நானும் இதைச் செய்தவன். வந்த இரண்டாம் வருடம், ஓர் அலுவலகத்தின் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கேட்டார்: "வு நவே பா ரசூ லு கூரியே?" கடிதம் கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லைதான். ஓம் என்று நினைத்து "வுய்" என்றேன். அவர் கிடைத்தது என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டார். ரொந்தேவூ (சந்திப்பு) திகதி அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. அந்த நாளும் போனது, என் ஃபைலையும் மூடிவிட்டார்கள். முதல் படிவத்திலிருந்து திரும்பத் தொடங்கி முடிக்க எட்டு மாதம் ஆனது. அதனால்தான் யாராவது எல்லாவற்றுக்கும் வுய் வுய் என்று தலையாட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வகுப்பில் 'ந', 'பா' இரண்டையும் சேர்த்துப் படிப்பிக்கிறார்கள்: "ஜ ந சே பா", எனக்குத் தெரியாது. வேலைத்தலத்தில் அதையே "ஷே பா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். 'ந' உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 'பா' என்ற ஓரசை மட்டும். "தா சாலே?", "தா பா சாலே?" இரண்டுக்கும் இடையில் இருப்பது அவ்வளவுதான். காது முதலில் அதைப் பிடிக்கப் பழக வேண்டும்.

இன்னொன்று, ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். "சி, ஜே சாலே" (போட்டுவிட்டேன்), "நோன், ஜே பா சாலே" (போடவில்லை) என்று வினையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதற்சொல் பிழைத்தாலும் வினை காப்பாற்றும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. "தா பா மான்ஜே?" சாப்பிடவில்லையா? "தா பா ஃப்ருவா?" குளிரவில்லையா? இப்படி ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் மகள் எனக்கு அப்படித்தான் பழக்கினாள்.

சோதனைப் பிரெஞ்சோடு நிற்பது

2026 ஜனவரியிலிருந்து பத்து வருட வதிவிட அட்டைக்கு பி1 மட்டம், குடியுரிமைக்கு அதற்கு மேலான பி2 மட்டம் என்று பிரெஞ்சு மொழித் தகுதியைக் கூட்டிவிட்டார்கள். ஆகவே எல்லோர் கையிலும் சோதனைப் புத்தகம். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'நாங்கள்' என்பதற்குப் புத்தகத்தில் 'நு' என்று இருக்கும். இடைவேளையில் சிகரெட் பிடித்துக்கொண்டு கதைக்கிறவர்கள் அநேகமாக 'ஒன்' என்றுதான் சொல்வார்கள். 'ஒன்' பழகாவிட்டால், நீங்கள் கதைப்பது அவர்களுக்கு விளங்கும், அவர்கள் கதைப்பது உங்களுக்கு விளங்காது.

து, வு

நீ, நீங்கள் போலத்தானே என்று வயதைப் பார்த்து முடிவெடுக்கிறோம். இங்கே வயதைவிடப் பழக்கம்தான் முக்கியம். ஐம்பது வயது வேலைத் தோழர் உங்களை 'து' போட்டுக் கூப்பிட்டு, நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள் என்ற பிறகும் மரியாதைக்காக 'வு' சொல்லிக்கொண்டிருந்தால், தள்ளி நிற்கிறீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ஆனால் டொக்டரிடமும் பொலிசிடமும், அவருக்கு இருபத்திரண்டு வயதுதான் என்றாலும், 'வு'தான்.

மெர்சி

சாப்பிடக் கொடுக்கும்போது வெறும் மெர்சி (நன்றி) என்றால் வேண்டாம் என்று எடுத்துவிடக்கூடும். வேண்டுமென்றால் "வுய், மெர்சி."

பொன்ஜூர்

அந்த வணக்கத்தைச் சொல்லாமல் பாண்கடையில் பாண் கேட்காதீர்கள்.

தொலைபேசி இலக்கம்

இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'சுவசாந்த்' காதில் விழுந்ததும் 6 எழுதிவிடுவோம். அடுத்து 'கன்ஸ்' வரும். அது 60உம் 15உம், அதாவது 75. 92 என்றால் நான்கு இருபதும் பன்னிரண்டும். சோடி முழுதாகக் கேட்டு முடியும்வரை பேனையைத் தாளில் வைக்காதீர்கள்.