செயலியும் விழிப்புணர்வு முகாமும் போதாது: மாணவர் கொள்கை அறிக்கைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகளில் கொள்கைப் போட்டிகள் பெருகிவிட்டன. ஐந்து பேர் குழு, ஏதோ ஓர் ஏற்றத்தாழ்வு, பத்துப் பக்க அறிக்கை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் பெரும்பாலும் இரண்டே தீர்வுகள்தான்: ஒரு செயலி, ஒரு விழிப்புணர்வு முகாம். பிரச்சினை குடிநீராக இருந்தாலும் சரி, பள்ளி இடைநிற்றலாக இருந்தாலும் சரி. "மக்களுக்குத் தெரியவில்லை" என்று ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிடுவதால் வரும் வினை இது. பல இடங்களில் மக்களுக்கு எல்லாம் தெரியும். விதிதான் இடம் கொடுப்பதில்லை.

பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆனால் எல்லாப் பேருந்திலும் இல்லை, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும், அதாவது வெள்ளை போர்டு பஸ்ஸில். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் மலையேறும் பஸ்கள் பெரும்பாலும் அந்த வகைக்குள் வரவில்லை. மலையில் வாழும் பெண்களை ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 'நகரப் பேருந்து' என்ற ஒரு சொல்லே அந்த வேலையைச் செய்துவிட்டது. 2024-ல்தான் அந்தப் பகுதிகளுக்கும் திட்டம் நீண்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே போய் எத்தனை முகாம் நடத்தியிருந்தாலும் ஒரு டிக்கெட் காசுகூட மிச்சமாகியிருக்காது.

அதனால் முதலில் அரசாணையைத் தேடிப் படியுங்கள். எந்தச் சொல்லில் யார் வெளியே விழுகிறார்கள் என்று பாருங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, வீட்டின் மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது. இரண்டு மாத பில்லுக்கு 600 யூனிட். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் இருந்தால் கணக்கு எப்படி வரும்? இப்படி ஒரு கேள்வியைப் பிடித்துவிட்டால் பாதி அறிக்கை முடிந்த மாதிரி.

ஏற்கெனவே இருப்பதைப் புதிதாகக் கண்டுபிடிப்பது அடுத்த தவறு. "ஏழை மாணவிகளுக்கு மாத உதவித்தொகை தர வேண்டும்" என்று எழுதுவார்கள். கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தே மாதம் 1,000 ரூபாய் போகிறது. சரி, யாருக்குப் போகவில்லை? தொடக்கத்தில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள் 2024 கடைசியில்தான் சேர்க்கப்பட்டார்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, அதாவது துறைகளின் செலவுக்கு ஒப்புதல் கேட்பது, வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. தமிழிலேயே, இணையத்தில் இலவசமாக. அதைப் புரட்டினாலே இந்தச் சங்கடம் வராது.

கணக்கெடுப்புக்கு வருவோம். கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வரும் பதில்கள், உங்கள் வகுப்பைப் பற்றித்தான் சொல்லும். நேரில் போகிறவர்களும் காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள். அந்நேரம் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான். மற்றவர்களில் பலர் வயலிலோ மில்லிலோ இருப்பார்கள். இன்னொன்று, பஞ்சாயத்தில் செல்வாக்குள்ள யாராவது கூடவே நடந்து வீடு வீடாகக் காட்டுவார். அந்த நடை ஊர்த்தெருவோடு முடிந்துவிடும், தலித் மக்கள் வாழும் காலனிப் பக்கம் திரும்பாது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள். ஊருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அறிவிப்பால் குறையாது. ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதிவிட்டு அந்தப் பக்கமே போகாத அறிக்கையை நான் மேலே படிப்பதில்லை. மாலையில் போங்கள், தனியாகப் போங்கள், பெண்களிடம் பெண்கள் பேசுங்கள்.

"அரசு செய்ய வேண்டும்" என்று எழுதினால், எந்த அரசு? ஊராட்சியா, மாநில அரசா, ஒன்றிய அரசா? எந்த அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும்? எடுத்த எடுப்பில் மாநிலம் முழுக்க என்று போவதும் வேண்டாம். காலை உணவுத் திட்டத்தை அரசே 2022-ல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டுதான் மற்ற அரசு தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. நீங்கள் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு மட்டும் செலவுக் கணக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

அப்புறம், தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. நம் பிள்ளைகள் மனுப் போடுவதோ அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது. முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.