முதல் பட்டதாரிக்கு உதவுகிறோம் என்று செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஊரே ஆலோசனை சொல்லும். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளை என்றால் இன்னும் அதிகம்.

அதில் பணத்தைக் கரைக்கிற தவறு, 'சீட் போயிடும்' என்று பயமுறுத்தி, கலந்தாய்வுக்கு முன்பே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அட்வான்ஸ் கட்டவைப்பது. தமிழக அரசின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படியே. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தரகர் இதையெல்லாம் சொல்லமாட்டார்; அவருக்கு கமிஷன் வேறு பக்கம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ரிசல்ட் வரும் முன்பே விண்ணப்பித்துவிடலாம். கடைசி வாரத்தில் போய் நின்றால் அலைச்சல்தான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் இது கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேர்த்துவிட்டதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. "எதுவும் வேணும்னா கேளுப்பா" என்று சொல்லிவிட்டு வருவோம். என்ன கேட்கவேண்டும் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பது, இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழை எங்கே வாங்குவது, இதெல்லாம் அப்பா அம்மா பட்டதாரியான வீட்டில் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழும். இங்கே யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குத் தள்ளுவதும் வழக்கம். பேசுவது அப்புறம் வரும். முதல் வருடத்தில் திணறல், பாடப்புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டு விடை எழுதுவதில். சீனியர் ஒருவரோடு சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தால் அதுவே பெரிய உதவி.

பெற்றோரை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையிடம் மட்டும் பேசாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஃபெயில் என்றால் அதே வகுப்பு என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறினால் வரும் அரியர் அப்படியல்ல, படிப்பைத் தொடர்ந்துகொண்டே திரும்ப எழுதலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த பயத்தில்தான் பல பிள்ளைகள் ரிசல்ட்டை மறைக்கிறார்கள், சிலர் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் நீங்களே போன் போடுங்கள். மறுமதிப்பீட்டுக்குச் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். கடைசித் தேதியை முதலில் கேளுங்கள், மார்க்கைப் பிறகு கேட்கலாம்.