வெர்ஷன் நம்பரை நம்பாதீர்கள், ஹோஸ்டைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கணக்குப் பிரிவின் விஎம்மை (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினேன். டிஸ்க்கைக் காப்பி செய்து, விஎம்மின் அமைப்பை விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலை டிஃபைன் செய்து, ஸ்டார்ட் கொடுத்தேன். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் ஒரே வரியில் மறுத்துவிட்டது: ‘கியூஎக்ஸ்எல்’ வீடியோ மாடலுக்கு, அதாவது விஎம்முக்குக் கொடுத்திருந்த மெய்நிகர் வீடியோ கார்டுக்கு, ஆதரவு இல்லை.

புது சர்வரில் இருந்த கியூஎமு (விஎம்மை உண்மையில் ஓட்டும் மென்பொருள்), பழையதைவிடப் புதிய வெர்ஷன்தான். பழையதில் இருந்ததெல்லாம் இதிலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எந்த டிவைஸைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் ஸ்பைஸும் (விஎம்மின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் வழி) கியூஎக்ஸ்எல்லும் எடுக்கப்பட்டுவிட்டன. ஆகவே விஎம் ஓடப்போகிற சர்வரான ஹோஸ்டிடமே கேட்டுவிடுவது நல்லது.

அதற்கான லிப்விர்ட் கட்டளை ‘விர்ஷ் டாம்கேப்பபிலிட்டீஸ்’. வெறும் ‘விர்ஷ் கேப்பபிலிட்டீஸ்’ ஹோஸ்டின் சிபியு, மெமரி விவரங்களைத்தான் முக்கியமாகச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூடவே ‘மெஷின்’ ஆப்ஷனில் உங்கள் விஎம்மின் மெஷின் வகையை (எந்த மதர்போர்டைப் போல நடிக்கிறது என்பதை) கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் டிஃபால்ட் வகைக்கான பதில்தான் வரும். பழைய வகையான ஐ440எஃப்எக்ஸ் மெஷினுக்குக் கேட்டால், டிஸ்க்கை இணைக்கும் வழிகளான டிஸ்க் பஸ் பட்டியலில் ஐடிஇ இருக்கும்; புதிய வகையான கியூ35-க்குக் கேட்டால் இருக்காது.

வருகிற எக்ஸ்எம்எல்லில் ‘டிவைசஸ்’ பகுதிக்குப் போங்கள். ‘வீடியோ’ என்ற இடத்தில் ஆதரவு ‘எஸ்’ (உண்டு) என்றே இருக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குள் ‘மாடல்டைப்’ என்பதன் கீழ் ஒவ்வொரு மதிப்பையும் படியுங்கள். என் சர்வரில் விஜிஏ இருந்தது, விர்ட்டியோ (விஎம்களுக்கென்றே வடிவமைத்த டிவைஸ் வகை) இருந்தது, கியூஎக்ஸ்எல் இல்லை. பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்பான டிபிஎம்மும் இப்படித்தான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், பேக்எண்ட் பட்டியலில் ‘எமுலேட்டர்’ வரவில்லையென்றால், பெரும்பாலும் ஹோஸ்டில், டிபிஎம்மை மென்பொருளாக நடிக்கும் எஸ்டபிள்யூடிபிஎம் பேக்கேஜ் போடப்படவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பட்டியலில் எல்லா டிவைஸும் வராது. வராததற்கு கியூஎமு பைனரியையே ‘டிவைஸ் ஹெல்ப்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள், நீளமான பட்டியல் கொட்டும். டிவைஸ் பெயரோடு கமா போட்டு ‘ஹெல்ப்’ சேர்த்தால் அதன் ப்ராப்பர்ட்டிகளும் தெரியும். லிப்விர்ட்டும் உள்ளே ஏறக்குறைய இதையேதான் செய்கிறது: மெஷின் எதுவும் இல்லாமல் கியூஎமுவை எழுப்பி, கியூஎமுவோடு பேசும் மொழியான கியூஎம்பி வழியாகக் கேட்டு, பதிலை கேஷில் வைத்துக்கொள்கிறது.

ஹோஸ்ட் ‘உண்டு’ என்றாலும் கெஸ்டில் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்தில்) டிரைவர் இருக்க வேண்டும். விண்டோஸில் விர்ட்டியோ டிஸ்க் டிரைவர் தானாக வராது. அதை முதலில் உள்ளே ஏற்றிவிட்டுப் பஸ்ஸை மாற்றுங்கள்.

அன்று இரவு வீடியோவை விஜிஏவாகவும், கிராஃபிக்ஸை ஸ்பைஸுக்குப் பதில் விஎன்சியாகவும் மாற்றினேன். அப்போதும் ஓடவில்லை. ஸ்பைஸோடு ஒட்டியிருந்த சேனலையும் யுஎஸ்பி ரீடைரக்ஷன் வரிகளையும் எக்ஸ்எம்எல்லிலிருந்து எடுத்த பிறகுதான் லாகின் திரை வந்தது. மணி ஒன்றரை.